விமானி மென்ற சூயிங்கம்

அன்புத் தம்பிக்கு,

திருவொற்றியூர் சாலையில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, "மாவா போட்டா தூக்கம் வராது, வேலையில கவனம் நிக்கும்" என்ற பேச்சு உன் காதிலும் விழுந்திருக்கும். மாவாவில் இருக்கும் புகையிலையின் நிகோட்டினைப் பொறுத்தவரை, அதில் கொஞ்சம் உண்மை உண்டு. அதை மறைத்துவிட்டு உனக்குப் புத்தி சொல்வது நியாயமில்லை.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், புகைப்பழக்கம் இல்லாத 15 விமானிகளை விமான சிமுலேட்டரில் உட்காரவைத்துச் சோதித்தார்கள். முடிவு 1998-இல் வெளியானது. ஒருமுறை 2 மில்லிகிராம் நிகோட்டின் கலந்த சூயிங்கம், இன்னொரு முறை வெறும் சூயிங்கம். எப்போது எது என்பது மென்றவருக்குத் தெரியாது. பகல் முடிந்து மூளை சோரும் வேளையில் நடந்த சோதனை அது. நிகோட்டின் மென்றபோது மதிப்பெண் கூடியது. குறிப்பாக, தரையிறங்க ஓடுபாதையை நெருங்கும் கட்டத்தில். உயரம், வேகம், திசை மூன்றிலும் கண் விலகாமல் இருக்க வேண்டிய கட்டம் அது.

அங்கேயே நின்றுவிடாதே. பழகாத மூளைக்கு, அளந்து கொடுத்த ஒரே ஒரு வேளையின் பலன் அது. உடம்பில் நிகோட்டின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். தினமும் போடுகிறவரின் மூளை அதற்கேற்ப மாறிக்கொள்ளும். பிறகு அது இல்லாவிட்டால் எரிச்சல், கவனச்சிதறல். அடுத்த பொட்டலம் அவரைப் பழைய நிலைக்குக் கொண்டுவருமே தவிர, அதற்கு மேல் கூர்மை ஏற்றாது.

மாவாவோ பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு சேர்த்துத் தேய்த்தது. ஒரு பொட்டலத்தில் எவ்வளவு நிகோட்டின் என்று விற்பவருக்கே தெரியாது. பாக்கு, மெல்லும் புகையிலை இரண்டையுமே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புற்றுநோய் உண்டாக்குபவை என உறுதி செய்திருக்கிறது.

விழிப்பு நம் கரைக்கு எவ்வளவு முக்கியம் என்பது உனக்குத் தெரியும். 2017 ஜனவரி 28 விடியற்காலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதின. எர்ணாவூர் பாரதியார் நகர் கரையில் ஒதுங்கிய எண்ணெய்க் கசடை இளைஞர்கள் வாளியால் அள்ளினார்கள். அந்த விபத்துக்கும் நிகோட்டினுக்கும் முடிச்சுப் போடவில்லை. கப்பலை உள்ளே கொண்டுவரும் துறைமுக பைலட், கிரேன் ஆபரேட்டர், டிரெய்லர் டிரைவர் எல்லாரும் ராத்திரியில் கண் விழித்தே தீர வேண்டிய வேலைக்காரர்கள் என்பதற்காகச் சொல்வது.

அவர்களுக்கு நல்ல வழி வேறு இருக்கிறது. பசிபிக் கடலைக் கடக்கும் நீண்ட பயணங்களில், ஒரு விமானிக்கு முறைவைத்து 40 நிமிட ஓய்வு கொடுத்து நாசா சோதித்தது. சராசரியாக 26 நிமிடமே தூங்கினார்கள். தூங்காதவர்களைவிட விழிப்பாக இருந்தார்கள். நைட் ஷிப்ட்டுக்குக் கிளம்பும் முன் நீயும் அரை மணி நேரம் படுத்து எழு. ஏற்கெனவே மாவாவில் விழுந்த நண்பன் இருந்தால், புகையிலையை விட உதவும் 1800 112 356 என்ற இலவச எண்ணை அவனுக்குக் கொடு.

அன்புடன்,
அண்ணன்