அடம் அல்ல, ஆட்டிசம்

பள்ளி மணி ஒலித்ததும் ஒரு சிறுவன் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். "உன் பெயர் என்ன?" என்று ஆசிரியர் கேட்டால், "உன் பெயர் என்ன?" என்றே திருப்பிச் சொல்கிறான். கேலி செய்கிறான் என்று எண்ணி ஆசிரியர் பிரம்பை எடுக்கிறார். இது சரியா?

இவனுக்கு ஆட்டிசம் இருக்கலாம். நமக்குச் சாதாரணமான ஓசை இவனுக்குத் தாங்க முடியாததாக இருக்கும். கேட்டதைத் திருப்பிச் சொல்வதும் இவன் பேச முயலும் ஒரு வழியே.

1943ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் லியோ கானர் இத்தகைய 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். தாயின் பாசக்குறைவே இதற்குக் காரணம் என்று பின்னர் பலர் நம்பினர். 1977இல் சூசன் ஃபோல்ஸ்டீன், மைக்கேல் ரட்டர் இருவரும் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தனர். ஒரே கருமுட்டையில் தோன்றிய 11 இணைகளுள் நான்கில், இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. வெவ்வேறு கருமுட்டைகளில் தோன்றிய 10 இணைகளுள் ஒன்றில்கூட அப்படி இல்லை. வளர்ப்புதான் காரணம் என்றால் இந்த வேறுபாடு ஏன் வரவேண்டும்? மரபுக்கூறுகளின் பங்கு இவ்வாறு புலனாயிற்று.

எனவே தண்டனையால் இது மாறாது, அச்சமே பெருகும். விவரம் அறிந்த ஆசிரியர் என்ன செய்வார்? சிறுவனை மணியிலிருந்து தள்ளி உட்கார வைப்பார். சுருக்கமாகப் பேசி, பதிலுக்குப் பொறுத்திருப்பார். அன்றைய பாடங்களை வரிசையாகப் படம் வரைந்து காட்டுவார்.

இதைக் கண்டறிவது மருத்துவரின் வேலை. ஆனால் முதலில் கவனிக்கக்கூடியவர் ஆசிரியர். உங்கள் வகுப்பிலும் இப்படி ஒரு தோழன் இருக்கலாம். அவனைக் கேலி செய்யாமல், பக்கத்தில் இடம் கொடுப்பீர்களா?