அடுப்பு வகுத்த சுவை: பிரிட்டன் மக்களின் பழைய உணவுகள்

ஒரு நாட்டு மக்களை அறிய வேண்டுமானால் அவர்களுடைய இலக்கியத்தைக் கற்க வேண்டும் என்பார்கள். உண்மைதான். அதோடு அவர்களுடைய அடுக்களையையும் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பது என் கருத்து. ஏட்டில் இருப்பது கற்றவர் கண்ட வாழ்வு. அடுப்பின்மேல் இருப்பது எல்லாரும் வாழ்ந்த வாழ்வு.

ஆங்கிலேயரிடமிருந்து நாம் மொழியைக் கற்றோம், சட்டத்தைக் கற்றோம், கிரிக்கெட்டைக் கற்று அவர்களையே தோற்கடிக்கவும் செய்தோம். ஆனால் அவர்களுடைய உணவைப் பற்றிப் பேச்செழுந்தால், "உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை, எல்லாம் வெந்நீரில் போட்டு எடுத்தது" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லி எழுந்துவிடுகிறோம். அந்தத் தீர்ப்பை மறு விசாரணைக்கு எடுத்துக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் மிளகுத்தண்ணீர் அவர்கள் நாவில் மல்லிகடானி ஆன கதையும், கிச்சடி கெட்ஜெரி ஆன கதையும் பலரும் அறிந்தவை. அவற்றை நான் இங்கே தொடப்போவதில்லை. கப்பலேறி வந்தவர்களின் உணவை விட்டு, ஊரிலேயே இருந்து உழைத்த மக்களின் உணவையே பார்க்கப் போகிறேன். அவற்றைச் செய்யும் முறையையும் உடன் சொல்கிறேன். செய்முறை தெரியாமல் உணவைப் பற்றிப் பேசுவது நீச்சல் தெரியாமல் ஆற்றை வருணிப்பது போன்றது அன்றோ?

விறகு சொல்லும் வரலாறு

1797ஆம் ஆண்டில் சர் ஃபிரெடரிக் ஈடன் என்பவர் இங்கிலாந்தின் ஏழைகளுடைய நிலையை ஆராய்ந்து மூன்று தொகுதிகளாக நூல் வெளியிட்டார். வட பகுதித் தொழிலாளர் ஓட்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு, பால் ஆகியவற்றைக் கொண்டு கூழும் சாறும் சூடாகச் சமைத்து உண்டனர். தென் பகுதித் தொழிலாளரோ கடையில் வாங்கிய ரொட்டியும் தேநீரும் சிறு துண்டுப் பாலாடைக்கட்டியுமாகக் காலம் தள்ளினர். இருவரும் ஒரே நாட்டினர், ஏழைமையும் பொதுவே. பின் ஏன் இந்த வேறுபாடு?

காரணங்களுள் முதன்மையானது எரிபொருள். வடக்கே நிலக்கரி அருகிலேயே கிடைத்தது, விலையும் குறைவு. தெற்கிலோ ஊர்ப் பொது நிலங்கள் வேலியடைப்புச் சட்டங்களால் ஒன்றன்பின் ஒன்றாகத் தனியார் வசமாயின. அந்நிலத்தில் சுள்ளி பொறுக்கும் உரிமையும், ஒரு பசுவை மேய்த்துக்கொள்ளும் வாய்ப்பும் ஏழைகளுக்குப் பறிபோயின. சுள்ளி போனதால் அடுப்பு அணைந்தது. பசு போனதால் பால் போயிற்று. பாலுக்குப் பதில் தேநீர் வந்தது. 1795இல் இதே பொருள் பற்றி எழுதிய டேவிட் டேவிஸ் என்னும் கிராமப் பாதிரியார், ஏழைகள் தேநீர் குடிப்பதை ஆடம்பரம் என்று பழித்தவர்களை மறுத்து, வேறு வழியற்றவர்களின் கடைசிப் புகலிடமே அது என வாதாடினார்.

ஆகவே, நாக்கு மட்டுமே சுவையைத் தீர்மானிப்பதில்லை. விறகும் நிலமும் ஓய்வு நேரமும் கூடிச் சுவையை வகுக்கின்றன. இந்த ஒரு திறவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து உணவுகளைக் காண்போம்.

ஓட்ஸ் கூழ்

ஈரமும் குளிரும் மிகுந்த ஸ்காட்லாந்தில் கோதுமை எளிதில் விளையாது, ஓட்ஸ் விளையும். 1755இல் தம் புகழ்பெற்ற அகராதியை வெளியிட்ட டாக்டர் ஜான்சன், குதிரைத் தீவனத்தை மனிதர் உண்கிறார்கள் என்ற கருத்துப்பட அதில் ஸ்காட்லாந்தியரைக் குத்திக் காட்டினார். கேழ்வரகை 'ஏழைத் தானியம்' என்று ஒதுக்கியவர்களை நாமும் பார்த்ததுண்டு. இன்று அவர்களே அதை மருத்துவர் சொற்படி வாங்குகிறார்கள். ஓட்ஸின் கதையும் அதுவே.

செய்முறை எளிது. குருணையாக உடைத்த ஓட்ஸ் ஒரு கிண்ணத்துக்கு நான்கு கிண்ணம் தண்ணீர். இரவே ஊற வைத்தால் நலம். சிறு தீயில் அரை மணி நேரம் கிண்ட வேண்டும். இதற்கென்றே ஸ்பர்ட்டில் என்னும் உருண்டையான மரக்கோல் உண்டு. நம் கூழ்த் துடுப்பின் தம்பி என்று அதைச் சொல்லலாம். வலப்புறமாகவே சுற்ற வேண்டும் என்பது பழைய நம்பிக்கை. இறக்குமுன் உப்பிட வேண்டும். சர்க்கரை இடுவதைப் பழைமைவாதிகள் ஏற்கமாட்டார்கள். குளிர்ந்த பாலைத் தனிக் கிண்ணத்தில் வைத்து, சூடான கூழை ஒவ்வொரு கரண்டியாக எடுத்து அதில் தோய்த்து உண்பது மரபு. சூடும் குளிர்ச்சியும் நாவில் சந்திப்பதே இதன் இன்பம். கடையில் கிடைக்கும் தட்டையான ஓட்ஸ் ஐந்தே நிமிடத்தில் வெந்துவிடும். ஆனால் அந்தக் குருணையின் கடிபதம் அதில் வராது.

யார்க்ஷயர் புட்டிங்

நிலக்கரி மலிந்த வட இங்கிலாந்தில் கணப்பின்முன் இறைச்சியை வாட்டுவார்கள். அதிலிருந்து உருகிச் சொட்டும் கொழுப்பை வீணாக்க மனம் வருமா? கரைத்த மாவை ஒரு தட்டில் ஊற்றி அதன் அடியில் வைத்தார்கள். 1737இல் வெளிவந்த ஒரு நூலில் இது 'சொட்டுக் கொழுப்புப் புட்டிங்' என்ற பொருளுடைய பெயரில் காணப்படுகிறது. 1747இல் ஹன்னா கிளாஸ் என்னும் அம்மையார் தம் சமையல் நூலில் இதற்கு யார்க்ஷயரின் பெயரைச் சூட்டினார்.

பெயர் கேட்டு இதை இனிப்பு என்று எண்ணிவிட வேண்டாம். இறைச்சி வருமுன் இதைக் குழம்புடன் பரிமாறுவார்கள். வயிறு பாதி நிறைந்தால் விலை உயர்ந்த இறைச்சி குறைவாகச் செலவாகும் என்பது இல்லத்தரசியின் கணக்கு.

முட்டை, மைதா, பால் மூன்றையும் கிண்ணத்தால் அளந்து சம அளவு எடுத்து, சிட்டிகை உப்புடன் கட்டியில்லாமல் கரைத்து, அரை மணி நேரம் வைத்திருக்க வேண்டும். சிறு குழித்தட்டுகளில் குழிக்கு ஒரு தேக்கரண்டி எண்ணெயோ நெய்யோ விட்டு, 220 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓவனில் வைத்து, லேசாகப் புகையும் வரை காய விட வேண்டும். பிறகு விரைந்து மாவை ஊற்றி, கதவை மூடி, 20 முதல் 25 நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். இடையில் கதவைத் திறந்தால் பொங்கியது அமுங்கிவிடும்.

சோடா உப்போ ஈஸ்ட்டோ இல்லாமல் இது பொங்குவது எப்படி? மாவிலுள்ள நீர் கடுஞ்சூட்டில் திடீரென ஆவியாகிப் பன்மடங்கு விரிகிறது. முட்டையின் புரதமும் கோதுமையின் பசையும் அந்த ஆவியைச் சிறைபிடித்துச் சுவராக இறுகுகின்றன. நம் பூரி உப்புவதும் ஆவியின் வேலைதான். காயாத எண்ணெயில் பூரி உப்பாதது போலவே, காயாத தட்டில் இதுவும் உப்பாது.

கார்ன்வால் பேஸ்ட்டி

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வால், ஈயத்தின் உறவான வெள்ளீயத்துக்கும் செம்புக்கும் பேர்போன சுரங்க நாடு. பூமிக்கடியில் தட்டேது, கரண்டியேது? கையிலேயே பிடித்து உண்ணத்தக்க கட்டுச்சோறு வேண்டியிருந்தது. அதுவே பேஸ்ட்டி. வடிவில் நம் சோமாசியைப் போலப் பிறைவடிவம். அளவில் அதைப்போல் நான்கைந்து மடங்கு.

மாவின் எடையில் பாதி கொழுப்பைச் சேர்த்துப் பிசறி, குளிர்ந்த நீர் தெளித்துப் பிசைந்து, ஆற வைத்து, வட்டமாக இட வேண்டும். உள்ளே வைப்பவை நான்கு: சிறு துண்டுகளாக நறுக்கிய மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், டர்னிப் இனத்தைச் சேர்ந்த மஞ்சள் நிறக் கிழங்கு ஒன்று. உப்பும் மிளகுத் தூளும் தாராளமாக இடலாம். எல்லாவற்றையும் பச்சையாகவே வைத்து, ஓரத்தைக் கயிறு முறுக்குவது போல் மடித்து மூடி, முதலில் கடுஞ்சூட்டில் 20 நிமிடமும் பிறகு மிதமான சூட்டில் 40 நிமிடமும் வேகவைக்க வேண்டும். வேகும்போது இறங்கும் சாறு வெளியேறாமல் கிழங்கில் ஊறுவதே இதன் சுவைக்கு மூலம். இன்னாருடையது என்று அறிய, மூலையில் பெயரின் முதலெழுத்தைப் பொறிக்கும் வழக்கமும் இருந்தது.

19ஆம் நூற்றாண்டில் கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர் பிழைப்புத் தேடிக் கடல் கடந்தனர். மெக்சிகோவின் பச்சூக்கா வட்டாரத்தில் 'பஸ்தே' என்ற பெயரில், மிளகாயும் சேர்ந்து, இன்றும் இது விற்பனையாகிறது. 2011இல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்குப் புவிசார் பாதுகாப்பு வழங்கியது. கடலுக்கப்பால் போனவன் கையோடு கொண்டுபோனது அம்மாவின் கைப்பக்குவம். இது நமக்கும் தெரிந்த கதைதானே!

லங்காஷயர் ஹாட்பாட்

லங்காஷயர் பஞ்சாலைகளின் நாடு. ஆணும் பெண்ணும் ஆலைக்குப் போய்விட்டால் அடுப்பருகே நிற்க ஆள் ஏது? ஆள் இல்லாமலே வேகக்கூடிய உணவு தேவைப்பட்டது. ஆழமான மண்பானையில் ஒரு கிலோ ஆட்டுக் கழுத்திறைச்சி, வட்டமாக அரிந்த வெங்காயம் மூன்று, உப்பு, மிளகு ஆகியவற்றை அடுக்கி, பாதியளவு எலும்புச் சாறு ஊற்றி, அதன்மேல் மெல்லிய வில்லைகளாக அரிந்த ஒரு கிலோ உருளைக்கிழங்கை ஓடு வேய்ந்தாற்போல் பரப்பி, மூடி, 160 டிகிரியில் இரண்டு மணி நேரம் விட வேண்டும். பிறகு மூடியைத் திறந்து, கிழங்கின் மேல் வெண்ணெய் தடவி, பொன்னிறமாகும் வரை மேலும் அரை மணி நேரம் வைக்க வேண்டும். சிவப்பு முட்டைக்கோஸ் ஊறுகாய் இதற்கு உற்ற துணை.

இந்தப் பானைக்கும் நம் நாட்டுக்கும் ஓர் உறவு உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரால் 1861 முதல் 1865 வரை பஞ்சு வரத்து நின்றபோது லங்காஷயர் ஆலைகள் மூடிக் கிடந்தன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தருமக் கஞ்சித் தொட்டிகளை நாடின. அப்போது இந்தியப் பஞ்சு அங்கே பெருமளவில் சென்றது. நம் நெசவாளியின் தறியை முடக்கிய அதே ஆலைகளின் தொழிலாளியும் பட்டினிக்கு அப்பாற்பட்டவனாக இல்லை என்பதை இந்தப் பானை நமக்கு நினைவூட்டுகிறது.

பங்கீட்டுக் காலம்

இனி, சுவையற்றது என்ற பழிக்கு வருவோம். 1940 ஜனவரியில் பிரிட்டனில் உணவுப் பங்கீடு தொடங்கியது. 1954 ஜூலையில்தான் அது முழுமையாக முடிந்தது. போர்க்காலத்தில் பங்கிடப்படாத ரொட்டிகூட 1946 முதல் 1948 வரை பங்கீட்டுக்கு உட்பட்டது. பாலாடைக்கட்டிக்கான பாலில் பெரும்பகுதி ஒரே வகைக்குத் திருப்பப்பட்டதால் வட்டாரத்துக்கொரு விதமாக இருந்த பழைய வகைகள் பல அழிவின் விளிம்புக்குச் சென்றன. பதினான்கு ஆண்டுகள் என்பது ஒரு தலைமுறை சமையல் கற்கும் காலம். வெண்ணெயும் முட்டையும் இறைச்சியும் இல்லாமல் கற்றவர்களின் சமையலைச் சுவைத்துவிட்டு, இதுவே இவர்கள் மரபு என்று உலகம் முடிவு கட்டியது.

அக்காலத்து உணவு அமைச்சர் வூல்டன் பிரபுவின் பெயரால் வழங்கும் வூல்டன் பை என்பதை நம் விடுதியின் சைவ அன்பர்களுக்குப் பரிந்துரைக்கிறேன். உருளைக்கிழங்கு, காலிபிளவர், காரட், டர்னிப் ஆகியவை ஒவ்வொன்றும் அரைக் கிலோ, வெங்காயத்தாள் சிறிது, ஓட்ஸ் ஒரு கரண்டி. எல்லாவற்றையும் மூழ்கும் அளவு நீரில் உப்பிட்டு வேகவைத்து, ஆறியபின் தட்டில் பரப்பி, கொத்துமல்லி போன்ற பார்ஸ்லி இலையைத் தூவ வேண்டும். மசித்த உருளைக்கிழங்கால் மூடி, மேற்புறம் சிவக்கும் வரை ஓவனில் வைத்தால் முடிந்தது. நாம் மிளகைக் கூட்டிக்கொள்ளத் தடையில்லை.

பங்கீட்டில் பிரபுவுக்கும் கூலிக்கும் ஒரே அளவு என்பது அந்நாட்டார் பெருமையுடன் நினைவுகூர்வது. அந்தப் பெருமை நியாயமானதே. ஆனால் 1943இல், அதே ஆட்சியின்கீழ் இருந்த வங்காளத்தில் இலட்சக்கணக்கானோர் பஞ்சத்தில் மடிந்தார்கள் என்பதையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும். உணவு இருப்பது வேறு. அதைப் பகிர்ந்தளிக்கும் மனம் இருப்பது வேறு. ஓர் அரசு ஒரு கரையில் காட்டிய அந்த மனத்தை மறு கரையில் காட்டவில்லை.

நாம் கற்க வேண்டியது

மறைந்துகொண்டிருந்த தம் உணவுகளைக் காக்க அங்கே சிலர் முயன்றார்கள். ஃபுளோரன்ஸ் ஒயிட் என்னும் அம்மையார் 1928இல் நாட்டார் சமையலுக்கென ஒரு சங்கம் கண்டார். நாடெங்குமிருந்து திரட்டிய செய்முறைகளை 1932இல் நூலாக்கினார். டோரத்தி ஹார்ட்லி 1954இல் அடுப்பு, எரிபொருள், பாத்திரம் யாவும் அடங்க ஒரு பெருநூல் எழுதினார். ஏடு தேடி ஊர் ஊராய் அலைந்த டாக்டர் உ.வே. சாமிநாதையரை அறிந்த நமக்கு இவர்களுடைய உழைப்பின் அருமை எளிதில் விளங்கும்.

அன்பர்களே! தமிழகத்தைவிட்டுத் தொலைவில் வந்து படிக்கும் நாம், விடுதிச் சாம்பாரைக் குறை சொல்வதில் வல்லவர்கள். ஆனால் நம் பாட்டி கம்பங்கூழ் கரைத்த முறையை அளவோடு சொல்லக் கூடியவர் நம்மில் எத்தனை பேர்? அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது ஒவ்வொருவரும் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு செல்வோம். எந்தத் தானியம், எந்த விறகு, எந்தப் பானை, எந்த மாதம், யார் உண்டார்கள், யாருக்குக் கிடைக்கவில்லை என்று கேட்டு எழுதுவோம். பிற நாட்டார் உணவைத் தீர்ப்பிடுமுன் அதன் அடுப்பைக் காண்பதும், நம் உணவு மறையுமுன் அதைக் குறித்து வைப்பதும் கற்றவர் கடன்.