ஒன்றில் தொடங்கும் முகவரிகள்

தபால்காரருக்கு வீட்டு எண் எப்படியோ, அப்படியே இணையத்தில் சேர்ந்த கணினிக்கு முகவரி எண். நான்கு எண்களைப் புள்ளியிட்டுப் பிரித்து அதை எழுதுவர். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கலாம். ஆகவே மொத்தம் ஏறக்குறைய 429 கோடி முகவரிகளே உண்டு. ஐயானா என்னும் அமைப்பு இவற்றைத் தொகுதிகளாக்கி, உலகின் ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. இந்தியாவும் இலங்கையும் ஏப்னிக் பதிவகத்தைச் சேர்ந்தவை.

ஆரம்பத்தில் தாராளமாகவே கொடுத்தார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 18 என்று தொடங்கும் தொகுதி முழுவதையும், அதாவது 1 கோடியே 67 இலட்சம் முகவரிகளைப் பெற்றது. 2011 ஏப்ரலுக்குப் பின் சில ஆண்டுகள் ஏப்னிக்கில் சேர்ந்த புதியவருக்கோ அதிகம் போனால் 1,024 தான் கிடைத்தது. முந்தியவருக்குக் கடல், பிந்தியவருக்குக் குடம்!

இதைவிட வேடிக்கையானது 1 என்று தொடங்கும் தொகுதியின் கதை. அது நெடுநாள் யாருக்கும் வழங்கப்படாமல் கிடந்தது. கேட்பாரற்ற மனையில் ஆட்டைக் கட்டுவதுபோல, பலர் தம் அலுவலக வலையமைப்புக்குள் 1.1.1.1, 1.2.3.4 போன்ற எண்களை வைத்துக்கொண்டனர். உள் உபயோகத்திற்கென்றே 10 என்று தொடங்கும் தொகுதி ஒதுக்கப்பட்டிருந்தும் இப்படிச் செய்தனர். வேறு சிலர், "1 என்று வந்தால் போலி, உள்ளே விடாதே" என்று தம் ரவுட்டர்களுக்குக் கட்டளையிட்டனர். அன்றைக்கு அது சரியான கட்டளைதான்.

2010 ஜனவரியில் ஐயானா அத்தொகுதியை ஏப்னிக்குக்கு வழங்கியது. சோதனைக்காக 1.1.1.1 உள்ள பகுதியை இணையத்தில் அறிவித்துப் பார்த்தபோது, விநாடிக்கு 10 மெகாபிட் கொள்ளும் இணைப்பு வேண்டாத தகவல்களால் நிரம்பி வழிந்தது. எனவே அப்பகுதியையும் 1.2.3 பகுதியையும் யாருக்கும் கொடுக்காமல் ஆராய்ச்சிக்கென நிறுத்தி வைத்தனர்.

மற்றப் பகுதிகளைப் பெற்றவர்கள் முறைப்படி விண்ணப்பித்தவர்கள். ஆனாலும் பழைய கட்டளையை நீக்காத வலையமைப்புகள் அவர்களை உள்ளே விடவில்லை. அந்த எண்களை உள்ளே வைத்திருந்த அலுவலகங்களுக்கும் தொல்லைதான். வெளியிலுள்ள உண்மையான 1.2.3.4-ஐ அவர்களுடைய கணினி தேடிப் போகாது, வீட்டுக்குள்ளேயே தேடும். சரிசெய்ய வேண்டுமானால் அச்சு இயந்திரம் முதல் ஒவ்வொரு சாதனத்தின் எண்ணையும் மாற்ற வேண்டும். 2018 ஏப்ரலில் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 1.1.1.1-இல் பொதுச் சேவை தொடங்கியபோதும், வீட்டு ரவுட்டரே அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டிருந்த சிலரால் அதை அடைய முடியவில்லை.

240 முதல் 255 வரை தொடங்கும் 16 தொகுதிகள் எதிர்காலத்திற்கென ஒதுக்கப்பட்டு வழங்கப்படாமலே உள்ளன. அவற்றில் ஏறக்குறைய 26 கோடியே 80 இலட்சம் முகவரிகள் உண்டு. திறந்துவிடலாமே என்று சிலர் கேட்கின்றனர். ஆனால் பல பழைய ரவுட்டர்கள் அந்த எண்களைக் கண்டாலே ஏற்க மறுக்கின்றன.