உட்கார உரிமை உண்டு

கேள்வி: நாமக்கல்லில் ஓர் ஓட்டலில் சப்ளையராக இருக்கிறேன். காலை டிபனிலிருந்து இரவு வரை நின்றே வேலை. கூட்டம் இல்லாதபோது உட்கார்ந்தாலும் முதலாளி திட்டுகிறார். என்ன செய்வது?
– வாசகர், சேந்தமங்கலம்

பதில்: தாராளமாக உட்காருங்கள் தம்பி, சட்டம் உங்கள் பக்கம். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தை 2021இல் திருத்தி, ஊழியர் எல்லோருக்கும் இருக்கை வசதியைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். ஜவுளிக்கடைப் பெண்கள் பட்ட பாட்டால் வந்த திருத்தம் அது. நாளுக்கு இத்தனை மணி நேரம்தான் வேலை என்று வரம்பும் உண்டு, அதற்கு மேல் போனால் இரட்டைக் கூலி. மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்த நேரம் பார்த்து, ஒரு ஸ்டூல் போடச் சொல்லி முதலாளியிடமே கேளுங்கள். மசியவில்லையா? நாமக்கல் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். காலில் நரம்பு புடைத்திருந்தால் மட்டும் இன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.