ஸ்க்ரம்ப்ளர் காட்டுவழி ஏறுமா? 2,000 வெள்ளியில் கற்ற பாடம்

மோட்டார் பந்தயம் என்றதும் நம் சமுதாயத்தில் பலருக்கு நினைவுக்கு வருவது, நள்ளிரவில் நெடுஞ்சாலையில் கப்சாய் மோட்டார்களில் படுத்துக்கொண்டு ஓட்டும் இளைஞர்கள்தாம். அந்தப் பந்தயம் எத்தனை வீடுகளில் விளக்கை அணைத்திருக்கிறது என்பதை நாம் அறிவோம். இக்கட்டுரை அதைப் பற்றியதன்று. சாலைக்கே வராமல், செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையிலும் மேட்டிலும் சேற்றிலும் ஓட்டும் ‘எண்டியூரோ’ எனும் காட்டுவழிப் பந்தயத்திற்காகப் பழைய ஸ்க்ரம்ப்ளர் ஒன்றை எப்படி மாற்றி அமைத்தேன் என்பதே இதன் பொருள். அந்த முயற்சியில் நான் செய்த தவற்றையும் மறைக்காமல் எழுதியுள்ளேன்.

என் தாய்மாமா இளமையில் வட்டார மோட்டோகிராஸ் போட்டிகளில் ஓட்டியவர். அவருடைய 125 சிசி, இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் தார்ப்பாயின் கீழ் பல ஆண்டுகளாகக் கிடந்தது. “எடுத்துக்க தம்பி, ஆனா ரோட்டுல மட்டும் ஏத்தக்கூடாது” என்று கொடுத்துவிட்டார். அப்பா லோரி ஓட்டுநர். அவர் விதித்த நிபந்தனைகள் இரண்டு: பிடிபிடிஎன் கடன் பணத்தில் கை வைக்கக்கூடாது, மொத்தச் செலவு 2,000 வெள்ளியைத் தாண்டக்கூடாது. விடுமுறையில் பேரங்காடியில் வேலை செய்து அந்தத் தொகையைச் சேர்த்தேன். அம்மா எதுவும் சொல்லவில்லை. சம்மதம் இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம்.

இரண்டும் ஒன்றல்ல

மோட்டோகிராஸ் என்பது மூடிய திடலில் நடப்பது. உலகப் போட்டியில்கூட ஒரு சுற்று 30 நிமிடமும் அதன்மேல் இரண்டு வட்டமும்தான். எண்டியூரோவோ மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் நீளும். 1913-இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஆறு நாள் அனைத்துலகப் போட்டி இதற்குச் சான்று. ஆகவே, மோட்டோகிராஸ் மோட்டார் உயரக் குதித்து இறங்குவதற்காகக் கெட்டியான அதிர்வுதாங்கியுடனும், அதிகச் சுழற்சியில் திடீரெனப் பாயும் சக்தியுடனும், சிறிய பெட்ரோல் தொட்டியுடனும் செய்யப்படுகிறது. விளக்கும் இல்லை, பக்கவாட்டுத் தாங்குகாலும் இல்லை. வேர்கள் நிறைந்த மேட்டில் மெதுவாக ஏறும்போது இந்தச் சிறப்புகளே குறைகளாகிவிடுகின்றன.

தயாரிப்பாளர்களே இந்த மாற்றத்தைச் செய்து காட்டியிருக்கிறார்கள். யமாஹா நிறுவனம் தன் ஒய்இசட் 250 மோட்டோகிராஸ் மோட்டாரை அடிப்படையாகக் கொண்டு 2016-ஆம் ஆண்டு மாடலாக ஒய்இசட் 250எக்ஸ் என்னும் காட்டுவழி மோட்டாரை வெளியிட்டது. என்னென்ன மாற்றினார்கள்? பின்சக்கரம் 19 அங்குலத்திலிருந்து 18 அங்குலமானது. கியர் விகிதங்களின் இடைவெளி அகலமானது. அதிர்வுதாங்கி மென்மையானது. இயந்திரத்தின் அழுத்த விகிதம் குறைந்தது. தாங்குகால் சேர்ந்தது. ஒன்றைக் கவனியுங்கள்: சக்தியைக் கூட்டுவதற்காக அவர்கள் எதையும் செய்யவில்லை; இருந்த சக்தியைப் பக்குவப்படுத்தினார்கள். இந்தப் பட்டியலை முதலில் படித்திருந்தால் என் பணமும் ஒரு பிஸ்டனும் தப்பியிருக்கும்.

நான் செய்த தவறு

முதல் செலவாக நான் வாங்கியது, பழைய சாமான் கடையில் 450 வெள்ளிக்குக் கிடைத்த பந்தயப் புகைக்குழாய். பளபளப்பாக இருந்தது, சத்தமும் கம்பீரம். மற்றவை ‘ஓடுகின்றனவே, போதும்’ என்று விட்டுவிட்டேன். மாமா, “சீல் மாத்தினியா?” என்று கேட்டார். “அப்புறம் பாத்துக்கலாம் மாமா” என்றேன்.

அனுமதி பெற்றுத் தோட்டத்துக்குள் ஓட்டிய முதல் மாலையிலேயே பாடம் கிடைத்தது. கைப்பிடியை விட்ட பிறகும் இயந்திரத்தின் வேகம் உடனே இறங்கவில்லை. அதை நல்ல அறிகுறி என்று நினைத்தேன். மூன்றாவது மேட்டின் பாதியில் ஒரு கீச்சொலியுடன் பின்சக்கரம் இறுகி நின்றது. பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டது. இருட்டில், கைப்பேசித் தொடர்பு கிடைக்காத இடத்தில், கிளட்சை அழுத்திப் பிடித்தபடி சுமார் மூன்று கிலோமீட்டர் தள்ளினேன். அப்பாவும் தோட்டக் காவலரும் டார்ச் விளக்குடன் தேடி வந்தார்கள். அப்பா திட்டவில்லை. வீட்டு வாசலில் அம்மா நின்ற நிலையைத்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை.

காரணம் எளிது. இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரத்தில் பெட்ரோலும் எண்ணெயும் கலந்த கலவை கிராங்க் அறையின் வழியாகவே செல்கிறது. பல ஆண்டு கிடந்ததால் கிராங்க் சீலின் ரப்பர் காய்ந்து, அதன் வழியே வெளிக்காற்று உள்ளே புகுந்தது. காற்று கூடியதால் கலவை மெலிந்தது. மெலிந்த கலவை அதிகச் சூட்டுடன் எரியும். கைப்பிடியை விட்டும் வேகம் இறங்காதது அதன் எச்சரிக்கையே. கண்ணுக்குத் தெரிந்த குழாய்க்கு 450 வெள்ளி கொடுத்த நான், கண்ணுக்குத் தெரியாத 60 வெள்ளி சீலைத் தள்ளிப்போட்டேன்.

முதலில் செய்ய வேண்டியவை

இனி, இதைச் செய்ய விரும்பும் நண்பர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன். பட்டறையில் புழங்கும் சொற்களையே பயன்படுத்தியுள்ளேன்.

1. இயந்திரம்: பிஸ்டன், வளையங்கள், கேஸ்கெட், சிறுமுனை பேரிங், இருபக்கக் கிராங்க் சீல்கள் ஆகியவற்றை மாற்றுங்கள். புகை வெளியேறும் வாயிலில் உள்ள பவர் வால்வில் கரி படிந்து இறுகியிருந்தால் குறைந்த வேகத்தில் இழுவை இருக்காது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய உழைப்பைத் தவிர வேறு செலவில்லை. எண்ணெய்க் கலவையைக் கையேட்டின்படி அளந்து ஊற்றுங்கள். 32-க்கு 1 என்றால் 5 லிட்டர் பெட்ரோலுக்கு 156 மில்லிலிட்டர் எண்ணெய். கண்ணளவு வேண்டாம்.

2. பேரிங்குகள்: மோட்டாரைக் கட்டையின்மேல் நிறுத்தி, பின்சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும், இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். தட்டும் சத்தம் கேட்டால் ஸ்விங் ஆர்ம், லிங்கேஜ், சக்கரம் ஆகியவற்றின் பேரிங்குகளில் ஒன்று தேய்ந்திருக்கிறது. கைப்பிடியை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் பள்ளத்தில் விழுவது போல நின்றால் தலைப்பகுதி பேரிங் போய்விட்டது. இவற்றைச் சரிசெய்யாமல் அதிர்வுதாங்கியைத் திருத்துவது வீண்.

3. ஸ்ப்ராக்கெட் கணக்கு: தமிழ்ப்பள்ளியில் ‘விகிதம்’ என்றும், இடைநிலைப்பள்ளியில் ‘நிஸ்பா’ என்றும் நான் படித்த கணக்குக்கு இங்கேதான் பயன் கிடைத்தது. என் மோட்டாரில் முன்னால் 13 பல், பின்னால் 49 பல். 49-ஐ 13-ஆல் வகுத்தால் 3.77. மெதுவாக ஏறுவதற்கு இந்த எண் கூட வேண்டும். பின்னால் 51 வைத்தால் 3.92. முன்னால் ஒரே ஒரு பல்லைக் குறைத்து 12 வைத்தால் 4.08. அதாவது முன்னால் ஒரு பல் குறைப்பது, பின்னால் ஏறக்குறைய நான்கு பல் கூட்டுவதற்குச் சமம். முன் ஸ்ப்ராக்கெட்டின் விலையும் குறைவு. ஆகவே சோதனையை அங்கிருந்து தொடங்குங்கள். ஆனால் முன் ஸ்ப்ராக்கெட் சிறுத்தால் சங்கிலி கூடுதலாக வளையும், சீக்கிரம் தேயும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். நான் 13-க்கு 51 என்று முடிவு செய்தேன்.

4. ஃப்ளைவீல் எடை: பந்தய மோட்டாரின் ஃப்ளைவீல் இலேசானது. மெதுவாகப் போனால் இயந்திரம் அணைந்துவிடும், கைப்பிடியைத் திருகினால் சக்கரம் சேற்றில் சுழன்றுவிடும். ஃப்ளைவீலில் கூடுதல் எடை பொருத்தினால் சக்தி ஒரே சீராக வரும். பட்டறையில் சும்மா கடைந்து பொருத்திவிடாதீர்கள். சமநிலை தவறினால் கிராங்க் கெடும். அந்த மாடலுக்கென்றே செய்ததைப் பழையதாகத் தேடி வாங்குவது நல்லது.

5. அதிர்வுதாங்கி: பின்சக்கரம் தரையில் படாதபோது, அச்சிலிருந்து பின் மட்கார்டில் ஒரு புள்ளி வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முழு உடையுடன் ஏறி அமர்ந்து மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், பெரிய அளவு மோட்டார்களில், சுமார் 100 மி.மீ. இருக்க வேண்டும். அது மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கு. அதைச் சரிசெய்தபின், ஆள் இல்லாமல் மோட்டார் தன் எடையால் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 25 முதல் 45 மி.மீ. வரை நன்று. அதற்குமேல் இறங்கினால் ஸ்பிரிங் உங்கள் எடைக்குக் கெட்டி. அதற்குக் கீழ் என்றால் மென்மை. கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றும், ஆனால் அதுவே உண்மை. கெட்டி ஸ்பிரிங்கில் 100 மி.மீ. இறங்க வேண்டுமானால் அதன் இறுக்கத்தைத் தளர்த்த வேண்டியுள்ளது. தளர்த்தியதால் மோட்டார் தானாகவே அதிகம் இறங்கிவிடுகிறது. மாமாவின் ஸ்பிரிங் எனக்குக் கெட்டி. புதிது வாங்கப் பணமில்லை. அதே மாடல் வைத்திருந்த, என்னைவிடப் பருமனான நண்பர் ஒருவருடன் மாற்றிக்கொண்டேன். இருவருக்கும் இலாபம்.

6. டயர்: 18 அங்குலச் சக்கரத்தில் டயரின் பக்கச்சுவர் உயரமாக இருப்பதால் வேரையும் கல்லையும் தாங்கும். அந்தச் சக்கரம் என் வரவுசெலவுக்குள் அடங்கவில்லை. 19 அங்குலத்தையே வைத்துக்கொண்டு, தடித்த டியூப் போட்டு, காற்றை 12 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினேன். செம்பனை மட்டையின் முள் மெல்லிய டியூபை எளிதில் துளைக்கும் என்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். காற்றைக் குறைத்தால் டயர் வளையத்தில் நழுவாமல் பிடிக்கும் ‘ரிம் லாக்’ கட்டாயம்.

7. சூடு: மெதுவாக ஏறும்போது ரேடியேட்டருக்குக் காற்று கிடைப்பதில்லை. தகடுகளில் அடைத்த சேற்றை மெல்லிய நீரோட்டத்தால் கழுவுங்கள், அழுத்த நீர் தகடுகளை மடக்கிவிடும். மூடியின் ரப்பர் தளர்ந்தால் உள்ளே அழுத்தம் நிற்காது, நீர் சீக்கிரம் கொதிக்கும். கார்புரேட்டர் ஜெட்டைப் பொறுத்தவரை, நம் நாட்டின் சூடான, ஈரமான காற்றில் உயிர்வளி குறைவு. குளிர்நாட்டுக்கான அளவு இங்குச் சற்று மிகையாகலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஓர் எண் மட்டுமே குறைத்து, ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பாருங்கள். காப்பித்தூள் நிறம் நன்று, வெளுத்திருந்தால் ஆபத்து.

கணக்கு

புகைக்குழாயை 300 வெள்ளிக்கு விற்றேன், நட்டம் 150. பிஸ்டன் வகைக்கு 380, கிராங்க் சீல்கள் 60, பேரிங்குகள் 290, சங்கிலியும் ஸ்ப்ராக்கெட்டும் 240, டயர்கள் 340, டியூப்கள் 100, முன் ஃபோர்க் எண்ணெயும் சீலும் 130, ஃப்ளைவீல் எடை 120, கைக்காப்பும் அடித்தகடும் 90, மற்ற எண்ணெய், கேபிள் செலவுகள் 70. மொத்தம் 1,970 வெள்ளி. சிலிண்டர் சுவரில் ஒட்டியிருந்த அலுமினியத்தை மாமா இரண்டு நாள் பொறுமையாக நீக்கிக் கொடுத்ததற்குக் கூலி கேட்கவில்லை.

ஓட்டும் இடம்

இத்தகைய மோட்டார் பதிவு செய்யப்படாதது. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி பதிவும் சாலை வரியும் காப்புறுதியும் இல்லாத வாகனத்தைப் பொதுச் சாலையில் ஓட்டுவது குற்றம். ஒரு தோட்டத்திலிருந்து எதிர்த் தோட்டத்துக்குச் சாலையைக் கடப்பதும் இதில் அடங்கும். வண்டியில் ஏற்றித்தான் கொண்டுசெல்ல வேண்டும். தோட்டத்துக்கு நிர்வாகத்தின் அனுமதியும், வனக் காப்பிடத்துக்கு வனத்துறையின் அனுமதியும் பெறுங்கள். தனியாகப் போகாதீர்கள். எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். மூன்று கிலோமீட்டர் தள்ளியவன் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் நடந்த இரண்டு மணி நேரப் போட்டியில் கலந்துகொண்டேன். பரிசு எதுவும் கிடைக்கவில்லை. என்னைவிடச் சக்தி மிகுந்த மோட்டார்கள் சில மேட்டில் கொதித்து நின்றதைப் பார்த்தேன். நான் தொடங்கிய மோட்டாரிலேயே, என் சக்கரத்திலேயே திரும்பி வந்தேன். ஒரு முழுச் சுற்றைக்கூட முடிக்காமல் ஆரம்பித்த எனக்கு அது போதும்.

மேற்கண்ட கணக்கில் தலைக்கவசமும் முழங்கால் காப்பும் காலணியும் இல்லாததைச் சிலர் கவனித்திருக்கலாம். பட்டியல் போட்டபோது நானும் அவற்றை விட்டிருந்தேன். மோட்டார் மறுபடி உயிர்பெற்ற வாரத்தில் அம்மா என்னை அழைத்து, ரவிக்கை தைத்துச் சேர்த்த பணத்தை எண்ணிக் கையில் வைத்தார். “முதல்ல இத வாங்கு, அப்புறம் ஓட்டு” என்றார். வரிசையை என்னைவிட அவர் சரியாக அறிந்திருந்தார். நண்பர்களே, நீங்கள் பட்டியல் போடும்போது அதை முதல் வரியில் எழுதுங்கள்.