கரிசல் சேற்றில் ஒரு சைக்கிள் பந்தயம்

(இளங்கலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு மாணவர்)

மிதிவண்டி மனிதனைச் சுமக்கும். சில வேளைகளில் மனிதனும் மிதிவண்டியைச் சுமக்க நேரும். இதைக் கேட்டு நகரத்து நண்பர்கள் நகைக்கலாம். சங்கரன்கோவிலைச் சூழ்ந்த கரிசல் கிராமங்களிலிருந்து வருவோர் நகைக்க மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் மண் குழைந்து, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அப்பிக்கொள்ளும், சக்கரம் சுழலாது. வண்டியைத் தோளில் ஏற்றித் தார்ச்சாலை வரை நடப்பதே வழி. இந்த அல்லலையே விதியாக வைத்து மேல்நாட்டார் நடத்தும் பந்தயத்தின் பெயர் சைக்ளோகிராஸ். அதுபற்றிப் படித்தறிந்ததையும், ஓட்டிப் பார்த்து உணர்ந்ததையும் இங்குக் கூற விழைகிறேன்.

தோற்றம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சாலைப் பந்தய வீரர்கள் குளிர்காலத்தில் உடல் தளராதிருக்க, வயல்களையும் வேலிகளையும் கடந்து சைக்கிளுடன் ஓடிப் பழகினர். 1902இல் டானியல் குசோ என்னும் படைவீரர் பிரான்சின் முதல் தேசியப் போட்டியை நடத்தினார். 1910இல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை வென்ற ஆக்டவ் லாப்பீஸ் இப்பயிற்சியைப் போற்றியதால் இது மேலும் பரவியது என்பர். முதல் உலகப் போட்டி 1950இல் பாரிசில் நடைபெற்றது. வென்றவர் ழான் ரோபிக்.

பந்தய முறை

உலகப் போட்டிகளில் ஒரு சுற்று 2.5 முதல் 3.5 கிலோமீட்டர் வரை இருக்கும். புல், சேறு, மணல், படிக்கட்டு யாவும் வழியில் உண்டு. 40 சென்டிமீட்டருக்கு மேற்படாத உயரத்தில் பலகைத் தடைகளும் இருக்கும். வீரர் இறங்கி, வண்டியைத் தூக்கித் தாண்டி, மீண்டும் ஏறுவார். தூரத்தை விட நேரமே இங்கு அளவுகோல். முன்னணி ஆண் வீரர்களுக்கு ஏறத்தாழ ஒரு மணி. அமெச்சூர் வீரர்களுக்கு அதிலும் குறைவு.

இயற்பியல் நோக்கு

சேற்றில் டயர் கல்லைப்போல் இறுகியிருக்கலாகாது. காற்றைக் குறைத்தால் டயர் பரந்து, தரையைத் தொடும் பரப்பு கூடும், பிடிப்பும் கூடும். உலகப் போட்டியில் டயரின் அகலம் 33 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. நம் சாதாரண சைக்கிளின் டயரோ ஏறத்தாழ 40 மில்லிமீட்டர்! பிடிப்புக்கு நமக்குக் குறைவில்லை. எடைதான் இடர்: அவர்களுடைய வண்டி ஏறக்குறைய 8 கிலோ, நம்முடையது 20 கிலோவை நெருங்கும்.

எங்கள் ஓட்டம்

சென்ற கார்த்திகையில் நண்பர்கள் அறுவர் ஊரோரத் தரிசு நிலத்தில் அரை கிலோமீட்டர்ச் சுற்று ஒன்றை அமைத்தோம். சீமைக்கருவேல முள்ளைக் கூட்டி அகற்றினோம், மட்கார்டுகளைக் கழற்றினோம். இரண்டு வரப்பு, ஓர் ஓடை, ஒரு சேற்றுப் பள்ளம். அரை மணி நேரம் ஓட்டம். நான் மூன்றாவதாக வந்தேன்.

முதலில் வந்தவர் விடியலில் சைக்கிளில் பால் ஊற்றிவிட்டுக் கல்லூரிக்கு வரும் நண்பர். நாங்கள் சேற்றில் வண்டி நிற்கும்வரை மிதித்துப் பின்னர் இறங்கினோம். அவரோ பத்தடிக்கு முன்பே, வண்டி ஓடும்போதே குதித்து, அதே வேகத்தில் தோளில் ஏற்றி ஓடினார். காரணம் கேட்டேன். "வண்டி நிக்கிறதுக்கு முன்னாடி நாம எறங்கிரணும்லே, நின்ன பெறகு அது வெறும் இரும்பு" என்றார். வகுப்பில் நாம் படித்த நிலைமத்தை அவர் பால் கேனுடன் பயின்றிருக்கிறார். இயங்கும் பொருளின் வேகத்தை வீணாக்காதவர் முந்துகிறார்; நின்றபின் தொடங்குபவர் ஒவ்வொரு முறையும் சுழியிலிருந்து தொடங்குகிறார்.

வேடிக்கை பார்க்க வந்த மாணவியர் நியாயமான ஐயம் ஒன்றை எழுப்பினர்: பெண்களுக்கான சைக்கிளில் மேற்கம்பி இல்லையே, தோளில் எப்படி மாட்டுவது? தடைகளைத் தாழ்வாக வைத்தால் கையால் தூக்கித் தாண்டலாம். மற்ற இடங்களில் தள்ளிக்கொண்டு ஓடலாம். விதியில் தள்ளி ஓடுவதற்கும் இடமுண்டு.

நாம் செய்யத்தக்கது

அறிஞர் அண்ணா பிறந்த நாளையொட்டித் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் மிதிவண்டிப் போட்டி நடத்துகிறது. கியர் இல்லாத சாதாரண வண்டிகளே அதற்குப் போதும். ஆனால் 13, 15, 17 வயது என்ற அளவில் அதன் பிரிவுகள் முடிந்துவிடுகின்றன. பின்னர்க் கல்லூரியில் கால் வைக்கும் மாணவனுக்குச் சைக்கிள் வெறும் ஊர்தியாகிவிடுகிறது.

பால் ஊற்றும் நண்பர் மூன்றாண்டுகளில் எந்த அணியிலும் இடம்பெற்றதில்லை. மாலைப் பயிற்சிக்கு நின்றால் வீட்டில் மாட்டைக் கறக்க ஆள் இல்லை. அவரைப் போன்றோர் நம்மிடையே பலர். அவர்கள் நாள்தோறும் செய்யும் உழைப்பே பயிற்சியாக அமையும் பந்தயம் இது. சாலைப் போக்குவரத்தை நிறுத்த வேண்டியதில்லை. விலையுயர்ந்த வண்டி வேண்டியதில்லை. கல்லூரி மைதானமும் நான்கு பலகைகளும் போதும். அடுத்த விளையாட்டு விழாவில் அரை மணி நேரத்தை இதற்கு ஒதுக்குமாறு உடற்கல்வி இயக்குநர் அவர்களைப் பணிவுடன் வேண்டுகிறேன். முள் பொறுக்க நாங்கள் அறுவரும் முன்னிற்போம்.