தசையின் களஞ்சியமும் உண்ணும் உணவும்

நெடுந்தூர ஓட்டத்திலே முன்னணியில் நின்ற ஒருவன் இறுதி மைல்களில் திடீரெனத் தளர்ந்து பின்தங்குவானாயின், அவனுக்கு மனத்திடம் போதாதெனக் காண்போர் கூறுவர். உடற்றொழிலியல் கூறும் விடை வேறு. நெஞ்சம் தளருமுன்னரே தசையின் களஞ்சியம் வறிதாகியிருத்தல் கூடும். அக்களஞ்சியத்தின் நிறைவும் குறைவும் அவன் முன்னைய நாட்களில் உண்ட உணவைப் பெரிதும் பொறுத்தன. இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

உழைக்கும் தசைக்கு எரிபொருளாவன பெரும்பாலும் இரண்டு. ஒன்று காபோவைதரேற்று என நாம் பயிலும் மாப்பொருள், மற்றையது கொழுப்பு. மாப்பொருள் கிளைக்கோசன் என்னும் வடிவிலே தசையிலும் ஈரலிலும் சேமிக்கப்படுகின்றது. இச்சேமிப்பு சில நூறு கிராம் அளவினதே. கொழுப்போ மெலிந்தவர் உடலிலும் பல கிலோகிராம் உண்டு. ஆயினும் அது மெல்ல எரிவது. ஒரே அளவு ஒட்சிசனைக் கொண்டு மாப்பொருள் தரும் சக்தியிலும் சற்றுக் குறைவாகவே தருவது. ஆகவே வேகம் கூடுந்தோறும் தசை மாப்பொருளையே நாடும்.

எவ்வெரிபொருள் எவ்வளவு எரிகின்றதென்பதை மூச்சே காட்டும். வெளிவிடும் காபனீரொட்சைட்டின் அளவை உட்கொள்ளும் ஒட்சிசனின் அளவால் வகுக்கப் பெறுவது சுவாச ஈவு. மாப்பொருள் மட்டும் எரியின் அது 1.0; கொழுப்பு மட்டும் எரியின் ஏறத்தாழ 0.7. இம்முறையைக் கையாண்டு, டென்மார்க்கு அறிஞர்களான குறோக்கும் லிந்தாட்டும் 1920 இலும், கிறிஸ்ரென்சனும் ஹான்சனும் 1939 இலும், உணவு மாற எரிபொருளும் மாறுவதைக் காட்டினர். கொழுப்புணவின் பின் உழைத்தோர் விரைவிலே களைத்தனர்.

பின்னர் சுவீடனிலே, ஊசியைச் செலுத்தித் தசையின் சிறு துணுக்கை எடுத்துச் சோதிக்கும் முறை கைவந்தது. பேர்க்ஸ்திரோம், ஹூல்ற்மன் முதலியோர் 1967 இல் வெளியிட்ட ஆய்வின்படி, 100 கிராம் தசையிலிருந்த கிளைக்கோசன் சராசரியாகக் கலப்புணவின் பின் 1.75 கிராம், கொழுப்பும் புரதமும் மிக்க உணவின் பின் 0.63 கிராம், மாப்பொருள் மிக்க உணவின் பின் 3.31 கிராம். ஒரே கடுமையான வேலையை அவர்கள் தொடர்ந்து செய்த நேரம் முறையே 114, 57, 167 நிமிடம். ஆட்கள் அவரே, வேலையும் அதுவே, மாறியது உணவு.

அங்ஙனமாயின், கொழுப்புணவுக்கே உடலைப் பழக்கி அப்பெருஞ் சேமிப்பைப் பயன்படுத்தலாகாதோ என மாணவர் வினவலாம். ஓரளவு ஆகும். 1983 இல் வெளிவந்த பின்னி என்பாரின் ஆய்விலே, நான்கு வாரம் மாப்பொருளை மிகக் குறைத்துண்ட சைக்கிளோட்டிகள் மிதமான வேகத்தில் ஏறத்தாழ முன்போலவே உழைத்தனர். ஆயின் 2017 இல் லூயிஸ் பேர்க் குழுவினர் தேர்ந்த நடைப்போட்டி வீரரை ஆராய்ந்தபோது, கொழுப்பு மிகுதியாக எரிந்ததாயினும் ஒட்சிசன் செலவும் மிகுந்தது. மாப்பொருள் உண்டோர் போட்டியில் முன்னேற, இவர்கள் முன்னேறவில்லை.

எனவே ஒன்றரை மணி நேரத்துக்கு மேற்பட்ட ஓட்டத்துக்கு ஆயத்தஞ் செய்யும் மாணவர், உடல் இலேசாகுமென்று எண்ணி உணவைக் குறைத்தல் நன்றன்று. இரண்டு மூன்று நாள் முன்னரே பயிற்சியைத் தளர்த்தி, சோறு, இடியப்பம், பிட்டு, வாழைப்பழம் ஆகியவற்றைப் போதிய அளவு உண்க. குறுந்தூர ஓட்டத்துக்கு இவ்வேற்பாடு வேண்டுவதில்லை. பயிற்றுவோரும், பின்தங்கிய மாணவனைக் கடியுமுன், அவன் முன்னைய நாள் என்ன உண்டான் என வினவுதல் முறையாகும்.